செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் மூன்று இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரையாண்டு விடுமுறையில் நாங்கள் எட்டுப் பேர் சென்னையிலிருந்து போய், செட்டிநாட்டில் விடுதியாக மாற்றப்பட்டிருக்கும் ஒரு பெரிய வீட்டில் மூன்று இரவு தங்கினோம். அம்மா, நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகன் (14), மகள் (9), என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய நான்கு வயதுக் குழந்தை. திரும்பி வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள், நல்லா இருந்துச்சா, நாங்களும் போகலாமா என்று. ஆமாம் என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அதனால் கேட்டவற்றை எல்லாம் எழுதி, எங்களுக்கு நடந்ததைப் பதிலாகச் சொல்லியிருக்கிறேன். விடுதியின் பெயரையும் அது இருக்கும் ஊரையும் சொல்லவில்லை. குறைகளில் பாதி எந்தப் பழைய வீட்டில் தங்கினாலும் வரக்கூடியவை. மீதிப் பாதியை அவர்களிடமே நேரில் சொல்லிவிட்டோம்.

பிள்ளைகளோடு போவதென்றால் தீம் பார்க் ரிசார்ட்டுக்குத்தானே போவார்கள்? இங்கே ஏன் போனீர்கள்?

முதலில் போட்ட திட்டம் அதுதான். எந்த ராட்டினத்தில் ஏற எத்தனை உயரம் இருக்க வேண்டும் என்பதுவரை மகன் பார்த்து வைத்திருந்தான். அந்த வாரம் அம்மாவுக்கு எழுபது முடிந்தது. உனக்கு எங்கம்மா போகணும் என்று தம்பி சும்மாதான் கேட்டான். "ஒரு நாளாச்சும் வளவுக்குள்ள படுத்து எந்திரிக்கணும்ப்பா" என்றார். வளவு என்பது செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்.

அம்மாவின் அப்பா, நாங்கள் ஐயா என்று கூப்பிடுபவர், கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அது எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவருக்குத் தூக்குச்சட்டியில் மதியச் சோறு கொண்டுபோன அம்மா, முகப்பைத் தாண்டி உள்ளே போனதே இல்லை என்பது தெரியாது. போகாதே என்று யாரும் சொன்னதில்லையாம். போகக் கூடாது என்று தானாகத் தெரியுமாம். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் வெயில் விழுந்த வளவு தெரியும், அதற்கு அங்கிட்டு இன்னொரு வெளிச்சம், அதற்கும் அங்கிட்டுக் கடைசியில் பின்வாசல், எல்லாம் ஒரே கோட்டில். ஐயா சாப்பிட்டுச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம்.

இதைக் கேட்ட பிறகு ராட்டினத்தைக் கோடைக்குத் தள்ளிவைத்தோம். மகன் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

அந்த வீடுகள் உண்மையிலேயே அவ்வளவு பெரியவையா? உள்ளே எப்படி இருக்கும்?

ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்வாசல், இடையில் இருப்பது முழுக்க ஒரே வீடு. நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இவற்றைப் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள்வரை கட்டினார்கள். பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் தாண்டிக் கொடுக்கல் வாங்கல் செய்து ஈட்டிய பணம் இங்கே தேக்கும் பளிங்குமாக வந்து இறங்கியது. தூணுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து, தரைக்குப் பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது அங்கே கொடுத்திருந்த கடனும் கைக்கு வந்திருந்த நிலமும் அங்கேயே நின்றுபோயின. இங்கே வீடுகள் மட்டும் அப்படியே இருந்தன.

வாசலேறினால் திண்ணையும் முகப்பும். ஆண்கள் தொழில் பேசியது, கணக்கு எழுதியது, வந்தவர்களை உட்காரவைத்தது எல்லாம் அங்கே. அதைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். அடுத்தது பந்தி நடக்கும் இரண்டாங்கட்டு. அதற்கும் பின்னால் அடுப்படி, கிணறு, பின்கட்டு. கல்யாணத்துக்கு மண்டபம் தேடாமல் ஊரையே வீட்டுக்குள் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டவர்கள். அந்தக் கணக்கில் கட்டிய வீடு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கேள்விக்கும் அதுதான் பதில்.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்போடு கடுக்காய், கருப்பட்டி, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்தது. என் மகள் கன்னத்தை அதில் வைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவு குளுமை.

இரண்டாம் நாள் மாலை மழை பிடித்தது. நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தை நோக்கித்தான் வரும். மூலைகளில் இருக்கும் தூம்பு வழியாகக் கயிறு கயிறாக விழுந்தது. முன்பெல்லாம் அதன் கீழே அண்டாவை வைத்துப் பிடித்துக்கொள்வார்களாம். மிஞ்சுவது வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். "மழை விட்டதும் ஊருணி எம்புட்டு ஏறியிருக்குன்னு பார்க்க நாங்க ஓடுவோம்" என்றார் அம்மா. குழந்தை முற்றத்தில் இறங்கி நனைந்தாள். அவளைப் பிடிக்கப் போன தம்பியும் நனைந்தான். கடைசியில் முகப்பில் வைஃபைக்காக உட்கார்ந்திருந்த என் மகனும் வந்து இறங்கினான். கொடுத்த பணம் முழுவதற்கும் அந்த ஒரு மணி நேரமே போதும் என்று தோன்றியது.

அறைகள் எப்படி இருந்தன?

பலர் ஏமாறும் இடம் இது. நாங்களும் ஏமாந்தோம்.

வெளியே அரண்மனை மாதிரி இருக்கிறதே, அறையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கதவைத் திறந்தால் உள்ளே இருட்டாகவும் இடம் குறைவாகவும் இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. அந்த அறையில் பெட்டகம், பாத்திரம், சீர் வந்த சாமான் எல்லாம் இருக்கும். புழங்கியது, பேசியது, பிள்ளை வளர்த்தது எல்லாம் தாழ்வாரத்தில். பொருளைக் காப்பாற்றக் கட்டிய அறைக்குச் சுவர் தடிமனாகவும் ஜன்னல் சிறியதாகவும்தான் இருக்கும்.

கழிவறையோ இந்த வீடுகளின் பின்கட்டைத் தாண்டித்தான் இருந்தது. இப்போது அறைக்குள்ளேயே ஒரு மூலையில் சுவர் எழுப்பிச் சேர்த்திருக்கிறார்கள். எங்களுடைய ஓர் அறையில் தண்ணீர் சரியாக வடியாமல் காலடியில் நின்றது, முதல் நாள் வாடையும் இருந்தது. சொன்னதும் ஆள் வந்து அடைப்பை எடுத்தார். ஆனால் மறுநாள் காலையில் மறுபடியும் நின்றது. வெந்நீர் வரக் கால் மணி நேரம். சிக்னல் அந்தச் சுவர்களுக்குள் வருவதே இல்லை, வைஃபை முகப்பில் மட்டும். படுக்கை விரிப்பும் துண்டும் சுத்தமாக இருந்தன, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கட்டில் பழைய காலத்து உயரக் கட்டில். குழந்தை உருண்டு விழுந்துவிடுவாள் என்று தம்பி மனைவி ராத்திரி முழுக்க விளிம்பில் படுத்திருந்தாள்.

இரண்டாம் நாளிலிருந்து அறையைக் குளிக்கவும் தூங்கவும் மட்டும் வைத்துக்கொண்டோம். மற்ற நேரமெல்லாம் தாழ்வாரத்தில் இருந்தோம். அதன் பிறகு யாருக்கும் அறை சிறியதாகத் தெரியவில்லை.

மூட்டுவலி இருக்கும் பெரியவர்களை அழைத்துப் போகலாமா?

போகலாம். ஆனால் கீழ்த்தளத்து அறை எழுத்தில் உறுதியான பிறகு மட்டும்.

முன்பதிவின்போதே அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழேதான் வேண்டும் என்று சொல்லியிருந்தோம், சரி என்றும் சொன்னார்கள். போய் இறங்கினால் மூன்று அறையும் மாடியில். வெளிநாட்டுப் பயணிகள் குழு ஒன்று ஒருநாள் முன்னதாகவே வந்து கீழ் அறைகளை எடுத்துக்கொண்டதாம். பழைய வீட்டு மாடிப்படி குறுகலானது, ஒவ்வொரு படியும் உயரம். அம்மா ஒரு கையால் சுவரையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறினார். பாதியில் நின்று மூச்சு வாங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் அன்று ராத்திரியே மேனேஜரிடம் பேசினார், மறுநாள் பதினொரு மணிக்குக் கீழே ஓர் அறை கிடைத்தது. அந்த அறை கிடைத்ததற்கு நன்றி சொன்னோம். முதல் ராத்திரியை மறக்க முடியவில்லை.

படி மட்டுமில்லை, ஒவ்வொரு வாசலிலும் அரை முழ உயரத்துக்கு நிலைப்படி இருக்கும். சக்கர நாற்காலி அங்கே ஓடாது. ராத்திரி எழுந்து போகிறவர்களுக்குக் கையில் ஒரு டார்ச் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாடு? செட்டிநாட்டில் சாப்பாடு சரியில்லாமல் இருக்குமா?

முதல் ராத்திரி சரியில்லை. பொதுவாக எல்லாருக்கும் என்று வைத்திருந்த கோழிக் குழம்பில் காரமும் இல்லை, வாசமும் இல்லை. மேலே கொஞ்சம் பாலாடை வேறு ஊற்றியிருந்தார்கள். அம்மா ஒரு வாய் எடுத்துவிட்டுத் தயிர்ச் சோறு கேட்டார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் போய், வீட்டுச் சாப்பாடு மாதிரி போட முடியுமா என்று கேட்டார். சமையல்காரர் வெளியே வந்தார், அறுபது வயது இருக்கும். "அம்மாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னதும், "முந்தியே சொல்லியிருக்கப்படாதா? இவுக காரமே ஆகாதுன்னு எழுதிக் குடுத்துட்டாக" என்றார். எட்டுப் பேருக்கும் ஒரே குறிப்பு எழுதி அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று மதியம் இலை போட்டார்கள். வெண்டைக்காய் மண்டி வந்தது. அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகாயும் போட்டுக் கொதிக்க வைப்பது. அந்தத் தண்ணீர்தான் அதற்குக் குழைவைக் கொடுக்கிறது. கோழி வறுவலில் கல்பாசியும் மராட்டி மொக்கும் தனித்தனியாக மணந்தன. செட்டிநாட்டுச் சமையல் என்றால் கண்ணில் தண்ணீர் வர வேண்டும் என்று நகரத்து ஓட்டல்கள் பழக்கிவிட்டன. இங்கே அன்றைக்கு அரைத்த மசாலாவின் வாசம்தான் முதலில் வந்தது, மிளகின் காரம் அதற்குப் பிறகு மெல்ல ஏறியது. மகன் மூன்று தடவை சோறு வாங்கினான்.

காலைப் பலகாரத்தில் வெள்ளைப் பணியாரத்தைத் தவறவிடாதீர்கள். டம்ளரில் பச்சரிசியை நிரப்பி அதன்மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்து, அவ்வளவுதான் அளவு. ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து எண்ணெயில் ஊற்றினால் ஓரம் மட்டும் முறுகலாக, நடுவில் பஞ்சாக எழும்பும். தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல். இட்லிக்குக் கத்திரிக்காய் கோசமல்லி. கடைசி நாள் கறுப்பு நிறத்தில் கவுனி அரிசி, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டு. மகள் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே, வந்து இறங்கியதும் முதல் வேலையாக அடுப்படியில் இருப்பவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பொழுது போனதா?

குழந்தைக்கும் ஒன்பது வயதுக்காரிக்கும் போனது. பதினான்கு வயதுக்காரனுக்குப் பாதி நேரம் போகவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

பின்கட்டில் நீச்சல்குளம் இருப்பதாகப் படத்தில் பார்த்துத்தான் அவனைச் சமாதானப்படுத்திக் கூட்டிப்போனோம். குளம் சிறியது, தண்ணீர் பச்சை தட்டியிருந்தது, இரண்டாம் நாள் சுத்தம் செய்வதற்காக மூடிவிட்டார்கள். இரண்டு சைக்கிளில் ஒன்றுக்குக் காற்று இல்லை. "இங்க என்னதான்மா பண்றது?" என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பதில் அம்மாவிடம் இருந்தது. பணிப்பெண்ணிடம் புளியங்கொட்டை வாங்கி நான்கைத் தேய்த்துத் தாயக்கட்டையாக்கினார். திண்ணையில் யாரோ எப்போதோ செதுக்கி வைத்த தாயக் கட்டம் இருந்தது. அம்மாச்சியும் பேரனும் உட்கார்ந்தார்கள். அவன் தோற்றான், மறுபடி தோற்றான், விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

வெளியே போனதில் அவனுக்குப் பிடித்தது திருமயம். 17ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. மேலே ஏறினால் ஒரு பீரங்கி, சுற்றிலும் வெட்டவெளி. கீழே ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் கோயில். மகளுக்குப் பிடித்தது ஆத்தங்குடியில் பூக்கல் என்னும் தரைக்கல் செய்கிற இடம். கண்ணாடித் தகட்டின்மேல் பூ அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை அசையாமல் தூக்குகிறார்கள். கோடு ஒன்றோடு ஒன்று கலப்பதில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரச் சிமெண்டால் மூடிச் சமன் செய்து, காய்ந்ததும் தண்ணீரில் சில நாள் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியைப் பிரிக்கும்போது அந்தப் பளபளப்பு வந்துவிடுகிறது, சூளை கிடையாது. அங்கே இருந்த அண்ணன் அவளிடம் ஒரு கரண்டி நீலத்தைக் கொடுத்து ஊற்றச் சொன்னார். அந்தக் கல்லைப் பற்றி வகுப்பு முழுக்கப் பேசியிருக்கிறாள்.

நீச்சலும் ராட்டினமும்தான் வேண்டும் என்று பிள்ளைகள் தீர்மானமாக இருந்தால் அவர்களை அங்கேயே கூட்டிப்போங்கள். இங்கே வந்தால் இரண்டு இரவு போதும்.

உள்ளூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் வந்து பார்க்கலாமா?

இதை எழுதுவதற்குத்தான் இந்தப் பக்கத்தையே ஆரம்பித்தேன்.

அம்மாவின் தம்பி காரைக்குடியில் இருக்கிறார். இரண்டாம் நாள் காலையில் பஸ் பிடித்து வந்தார். ஒரு துணிப்பையில் பிள்ளைகளுக்கென்று அத்தை செய்து கொடுத்த தேன்குழலும் சீப்புச் சீடையும். வாசலில் இருந்த பையன், தங்காதவர்கள் உள்ளே வர ஆளுக்கு ஐந்நூறு ரூபாய், வெளிப் பலகாரம் உள்ளே கொண்டுவரக் கூடாது என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். மாமா மறுபேச்சுப் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பணத்தைக் கட்டி ரசீதும் வாங்கிவிட்டார். "இருக்கட்டும் மாப்ளே, இங்கனயே காத்து நல்லா வருது" என்று மாமா எழுந்திருக்கவே இல்லை.

அம்மா வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றரை மணி நேரம் இருவரும் அங்கேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் அம்மா நின்ற அதே பக்கம். நான் காபி வாங்கிக்கொண்டு போனபோது அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

கட்டணம் வாங்குவதன் காரணம் எனக்குப் புரிகிறது. படம் எடுக்க மட்டும் வந்து போகிறவர்கள் நிறையப் பேர். ஓடு மாற்றுவதும் மரத்தைக் கரையான் பிடிக்காமல் காப்பதும் லேசான செலவில்லை. ஆனால் தங்கியிருப்பவரின் கூடப்பிறந்தவர் வேடிக்கை பார்க்க வந்தவர் ஆக மாட்டார். திண்ணை என்பதே வழியில் போகிறவர் உட்கார்ந்து இளைப்பாறத்தான். அந்த வீட்டைக் கட்டியவர்கள் இருந்தால் ஒரு செம்பு மோராவது கொடுக்காமல் அவரை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அதைப் பற்றிப் புகார் சொன்னீர்களா?

சொன்னோம். மறுநாள் காலையில் மேனேஜர் அம்மாவிடம் வந்து வருத்தம் தெரிவித்தார். பில்லில் அந்த ஐந்நூறைக் கழித்தார். மாமாவின் நம்பரை வாங்கி அவரே போன் செய்து பேசினார், அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "அடுத்த தடவை வர்றேன் தம்பி" என்றாராம் மாமா. மாடி அறை விஷயத்துக்குப் பணம் எதுவும் குறைக்கவில்லை.

வேலை செய்பவர்கள் எப்படி?

அவர்களுக்காகவே இன்னொரு தடவை போகலாம். பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்கள்.

வீட்டைச் சுற்றிக் காட்டிய பையன், முகப்பில் பூ ஜாடி வைத்திருந்த ஒரு சரிவு மூடிப் பெட்டியைக் காட்டி, இது ஆச்சிகளின் நகைப்பெட்டி என்றான். "இல்லப்பா, இது கணக்குப்பிள்ளை பெட்டி" என்றார் அம்மா. அவன் உடனே ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டான். அம்மா உட்கார்ந்து, பூ ஜாடியை எடுத்துக் கீழே வைத்து, மூடியைத் திறந்து காட்டினார். சரிவான மூடிமேல் பேரேட்டை வைத்து எழுதுவது, உள்ளே மைக்கூட்டுக்குக் குழி, சில்லறைக்கு ஓர் அறை, அன்றாடச் சிட்டைக்கு இன்னொன்று. ஐயா சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதும்போது யாரும் பேசக் கூடாதாம். மறுநாள் வேறொரு குடும்பத்துக்கு அவன் அதைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருப்பது எங்கள் காதில் விழுந்தது.

இன்னொருவர் அறை சுத்தம் செய்யும் அம்மா. வளவில் படுக்க வேண்டும் என்ற ஆசையை மேனேஜரிடம் கேட்டபோது, ராத்திரி மற்ற விருந்தினர்கள் நடமாடுவார்கள், முடியாது என்றார். நியாயம்தான். மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டு முடித்து எல்லாரும் போன பிறகு, இவர் ஒரு கோரைப்பாயும் தலகாணியும் கொண்டுவந்து தாழ்வாரத்துத் தூண் பக்கம் விரித்தார். "செத்த படுங்கம்மா, நாலு மணி வரைக்கும் யாரும் வரமாட்டாக" என்றார். அம்மா தூங்கினார். ஒரு மணி நேரம் நாங்கள் யாரையும் சத்தம் போட விடவில்லை.

ஐயா வேலை பார்த்த வீட்டைப் பார்த்தீர்களா?

பார்த்தோம், பூட்டியிருந்தது. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறை முன்னோருக்கான படைப்புக்கு வந்து திறப்பார்கள் என்று காவலுக்கு இருந்த பெரியவர் சொன்னார். செட்டிநாட்டில் பல வீடுகளின் நிலைமை இதுதான். ஒரே வீட்டுக்குப் பங்குதாரர் பல பேர். ஒருவர் விற்க நினைத்தாலும் பழுதுபார்க்க நினைத்தாலும் மற்றவர்கள் கையெழுத்து வேண்டும். ஒத்துவராதபோது பூட்டியே கிடக்கும், இல்லையென்றால் பிரித்து விற்றுவிடுவார்கள். ஒரு வீடு விடுதியாகவாவது திறந்திருப்பது நல்லது என்று நான் நினைப்பது அதனால்தான்.

கானாடுகாத்தான் அரண்மனையின் உள்ளே விடுவார்களா?

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டி 1912இல் முடித்த வீடு அது. இன்றும் குடும்பத்தின் சொந்த வீடு, நாங்கள் போனபோது வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் ஆத்தங்குடிப் பெரிய வீடு இருக்கிறது, சிறு கட்டணம். செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று சிலர் சொல்கிறார்கள். 2014இல் சேர்ந்தது தற்காலிகப் பட்டியலில் மட்டும்தான்.

எப்போது போகலாம்? எப்படிப் போவது?

கார்த்திகை முதல் மாசி வரை. சித்திரை, வைகாசி வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது. சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் மதியத்துக்கு மேல் எழும்பூரில் கிளம்பி இரவு காரைக்குடிக்கு வருகிறது. விமானம் என்றால் திருச்சி அல்லது மதுரை, இரண்டிலிருந்தும் காரில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார்பட்டிக்குக் காலையில் நடை திறந்ததும் போய்விட்டால் கூட்டம் இருக்காது.

கொசு?

உண்டு. திறந்த முற்றம், பின்னால் கிணறு. கொசுவலை கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்க வேண்டும்.

செலவு எவ்வளவு ஆனது?

ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 8,500 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. மூன்று அறை, மூன்று இரவு. வாடகை 7,500க்கு மேல் என்பதால் 18 சதவீத வரி. அறைக்கு மட்டும் 90,270. மற்ற சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியது. கூட்டமில்லாத நாளில் குறைத்துத் தருவார்கள் என்று கேள்வி. கீழ்த்தளம், காரம் எவ்வளவு, பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டணம் உண்டா, குளம் அந்தத் தேதியில் திறந்திருக்குமா, இந்த நான்கையும் பணம் கட்டுவதற்கு முன்னால் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். நாங்கள் போனில் பேசியதோடு விட்டோம்.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்குப் போனீர்களா? என்ன வாங்கலாம்?

கிளம்பும் நாள் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். பிரித்த வீடுகளின் கதவு, தூண், பெட்டகம், சாமி படம், பீங்கான் ஜாடி என்று கடைக்குக் கடை நிறைந்து கிடக்கிறது. தொகை பெரியதென்றால் அவசரப்படாமல் இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள். கண்டாங்கிச் சேலை வேண்டுமென்றால் நெசவாளர்களிடமே எடுக்கலாம், 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒரு கடையில் கணக்குப்பிள்ளை பெட்டி ஒன்று இருந்தது. வாங்கிக்கலாம்மா என்று தம்பி கேட்டான். அம்மா அதைத் திறந்து சில்லறை அறைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், மூடினார், வேண்டாம் என்றார். அடுத்த கடையில் மூடியில் நீலப் பூப்போட்ட எனாமல் தூக்குச்சட்டி ஒன்றை எடுத்தார். முந்நூறு சொன்னார்கள், இருநூற்று ஐம்பதுக்கு வாங்கினார். இப்போது அதில்தான் தயிருக்கு உறை ஊற்றுகிறார்.